பறவூர் 1982: வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமும் சுஜாதாவின் எதிர்காலமும்

முன்னுரை

ஒவ்வொரு காலமும் தன் கையிலுள்ள கருவிகளைக் கொண்டே வருங்காலத்தைக் கற்பனை செய்கிறது. 1970களிலும் 1980களிலும் கற்பனை செய்யப்பட்ட வருங்காலம் ஒலிநாடாப் பெட்டி, சிவப்பு எண்களால் நேரம் காட்டும் கடிகாரம், பச்சை எழுத்துகள் ஓடும் கணிப்பொறித் திரை, அழுத்தியதும் ஒலியெழுப்பும் பொத்தான் ஆகியவற்றின் சாயலைக் கொண்டிருந்தது. அவ்வருங்காலம் இன்று கடந்த காலமாகிவிட்டது. ஆயினும் அதன் தோற்றத்தை விரும்பி மீட்டெடுக்கும் போக்கு வடிவமைப்பு, திரைப்படம், இசை ஆகிய துறைகளில் உலகெங்கும் காணப்படுகிறது. மேலைநாட்டார் ரெட்ரோ ஃபியூச்சரிசம் எனக் குறிப்பிடும் இப்போக்கின் அடிப்படையைத் தமிழில் 'பழைய எதிர்காலம்' எனச் சுட்டலாம்.

பிற நாடுகளில் இப்பழைய எதிர்காலம் பெரும்பாலும் ஏக்கத்தின் வெளிப்பாடாக அமைகிறது. இந்தியாவிலோ அது நடைமுறை வாழ்வின் பகுதியாகவே நிலைத்திருக்கிறது. நீலப் பொத்தானும் சிவப்பு விளக்கும் நீண்ட ஒலியும் கொண்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமே அதற்குச் சான்று. 1982இல் கேரளத்தின் பறவூரில் முதன்முதலாகத் தேர்தலில் பயன்படுத்தப்பட்ட இவ்வியந்திரத்தின் வடிவ வரலாற்றையும், அதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா தம் புனைவில் படைத்த எதிர்காலத்தையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் இயந்திரத்தின் தோற்றம் மக்களின் நம்பிக்கையை எவ்வாறு பெறுகிறது, அந்நம்பிக்கைக்குத் தோற்றம் மட்டுமே போதுமா என்பன இங்கு எழும் வினாக்கள்.

வைட்டிலாவிலிருந்து பறவூருக்கு

கொச்சி நகரின் வைட்டிலாச் சந்திப்பு இன்று அம்மாநிலத்தின் எதிர்காலக் காட்சிக்கூடம் போலத் தோன்றுகிறது. 2011இல் திறக்கப்பட்ட பேருந்து நிலைய வளாகம், 2019இல் அங்கு வந்துசேர்ந்த மெட்ரோ இரயில், 2023இல் வைட்டிலாவுக்கும் காக்கநாட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்படகு ஆகியன 21ஆம் நூற்றாண்டின் வடிவ மொழியைப் பேசுகின்றன. கண்ணாடியும் வளைந்த உலோகமும் தொடுதிரையும் அதன் சொற்கள்.

அங்கிருந்து இடைப்பள்ளி, வராப்புழை வழியாக வடக்கே சென்றால் அதே எறணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த பறவூர் வரும். முசிறித் துறைமுகம் இருந்த இடமாக அறிஞர் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊர் இதன் அருகில் உள்ளது. சங்க இலக்கியம் பயில்வோர் அறிந்த இந்நிலப்பகுதி, இந்திய மக்களாட்சியின் வரலாற்றிலும் தனியிடம் பெற்றது. 1982 மே 19 அன்று நடைபெற்ற கேரளச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில், பறவூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் வாக்குச்சீட்டுக்கு மாற்றாக இயந்திரம் வைக்கப்பட்டது. இந்தியத் தேர்தல் ஒன்றில் மின்னணு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை.

இதற்கான எண்ணம் 1977இல் தேர்தல் ஆணையத்தில் உருவாயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகத்தால் 1979இல் மாதிரி இயந்திரம் செய்யப்பட்டு, 1980 ஆகஸ்டு 6 அன்று அரசியல் கட்சிகளின் பேராளர்களுக்கு இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர்ப் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் இணைந்தது. ஒன்று அணுசக்தித் துறையையும் மற்றொன்று பாதுகாப்புத் துறையையும் சார்ந்த பொதுத்துறை நிறுவனங்கள். அரசின் தொழிற்கூடங்களே நாட்டின் வருங்காலத்தைச் செய்து தரும் என்னும் அக்கால நம்பிக்கை இதில் வெளிப்படுகிறது. இதே நம்பிக்கையில்தான் கேரள அரசும் 1973இல் கெல்ட்ரான் என்னும் மாநில மின்னணு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது.

ஒரு சொல்லின் மீதான வழக்கு

பறவூரில் போட்டியிட்டவர்களுள் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன்பிள்ளை, வாக்குப்பதிவுக்கு முன்பே இயந்திரத்தை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். அம்மனு தள்ளுபடி செய்யப்பட்டது. தேர்தல் முடிவில் அவரே 123 வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றார். தோல்வியுற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் வழக்குத் தொடுத்தார். இயந்திரத்தை எதிர்த்தவர் அதனால் கிடைத்த வெற்றியைக் காக்க வேண்டிய நிலை உருவானது.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1984 மார்ச் 5 அன்று அளிக்கப்பட்ட தீர்ப்பு, இயந்திரம் வைக்கப்பட்ட 50 சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்கி மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வெற்றி பெற்றார். சட்டமும் விதிகளும் வகுத்திருந்த வாக்களிப்பு முறை தாளால் ஆன வாக்குச்சீட்டையே குறிக்கும். அரசியலமைப்பின் 324ஆம் உறுப்பு ஆணையத்துக்கு வழங்கும் அதிகாரம் சட்டத்தை மீறிச் செல்ல இடந்தராது என்பதே தீர்ப்பின் சாரம். தொழிற்கூடத்தில் பிறந்துவிட்ட இயந்திரத்துக்குச் சட்டத்தில் இன்னும் பெயர் இருக்கவில்லை. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே அப்பெயர் கிடைத்தது.

அதன் பிறகும் தயக்கம் நீடித்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், தில்லி ஆகியவற்றின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் வந்தது. 2001இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் அனைத்துத் தொகுதிகளிலும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதிலும் இயந்திரமே பயன்படுத்தப்பட்டது. எனவே 1980களின் தொடக்கத்தில் கருக்கொண்ட வடிவம் ஏறத்தாழ இருபதாண்டுகள் காத்திருந்து, தொடுதிரையும் இணையமும் வந்துவிட்ட காலத்தில் நாடு தழுவிய பொருளாயிற்று. அது பரவலான நாளிலேயே பழைய எதிர்காலமாகத்தான் இருந்தது என்பது கருதத்தக்கது.

இயந்திரத்தின் உருவம்

இன்றுள்ள இயந்திரத்தின் புறவடிவமைப்பில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவையா ஆகியோர் பங்காற்றினர். அதன் அமைப்பு மிக எளியது. தேர்தல் அலுவலரிடம் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி; மறைப்புக்குள் வாக்காளர் முன் இருப்பது வாக்குப்பதிவுக் கருவி. ஐந்து மீட்டர் நீளமுள்ள கம்பிவடம் இரண்டையும் இணைக்கிறது. அலுவலர் தம் கருவியின் பொத்தானை அழுத்தினால்தான் வாக்காளரின் கருவி ஒரு வாக்குக்குத் திறக்கும். வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தியதும் அதனருகே சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. நீண்ட ஒலி எழுகிறது. கருவி மீண்டும் பூட்டிக்கொள்கிறது.

இவ்வமைப்பில் நான்கு கூறுகள் கவனத்துக்குரியன. முதலாவது, தாள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட தாளே வாக்குப்பதிவுக் கருவியின் மேல் பொருத்தப்படுகிறது. 1951-52ஆம் ஆண்டுகளின் முதல் பொதுத்தேர்தல் முதல் எழுத்தறியாதவருக்கும் துணையாக இருந்த சின்னம், இயந்திரத்தின் முகத்திலும் இடம்பெற்றது. இரண்டாவது, மின்கலத்தால் இயங்குவதால் மின்வசதி இல்லாத ஊரிலும் இதனைப் பயன்படுத்த இயலும். மூன்றாவது, இவ்வியந்திரம் வேண்டுமென்றே மெதுவாக இயங்குகிறது. நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் பதிவு செய்யாது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளைக் குத்தித் தள்ளும் வன்முறைக்கு எதிரான தடையாக இத்தாமதம் அமைந்தது. நான்காவது, எந்த வலைப்பின்னலோடும் இது இணைக்கப்படுவதில்லை. ஒரே ஒரு வேலையை மட்டுமே செய்யத் தெரிந்த பொருளாக இது தன்னைக் காட்டிக்கொள்கிறது.

கணக்கிடும் கருவி, ஒலிநாடாப் பெட்டி, டிரான்சிஸ்டர் வானொலி ஆகியன வீடுகளுக்குள் நுழைந்த காலத்தின் அழகியல் இது. 'ஒரு பொத்தான், ஒரு பயன்' என்பது அதன் இலக்கணம். இவ்விலக்கணத்தின் பயனை உணர 2000ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை ஒப்புநோக்கலாம். புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் பகுதியில் பெயர்கள் இருபக்கமும் துளைகள் நடுவிலுமாக அமைந்த வாக்குச்சீட்டு வாக்காளரைக் குழப்பியது. அக்குழப்பம் நாடு தழுவிய பூசலின் ஒரு பகுதியாயிற்று. பெயருக்கு நேரே சின்னம், சின்னத்துக்கு நேரே பொத்தான், பொத்தானுக்கு நேரே விளக்கு என்னும் இந்திய ஒழுங்கு அத்தகைய குழப்பத்துக்கு இடந்தரவில்லை.

குடமும் முத்திரையும்

வாக்கு முடிந்ததும் இயந்திரத்துக்கு நிகழ்வன வேறொரு காலத்தை நினைவூட்டுகின்றன. முடிவு காட்டும் பகுதியின் மூடி தாள் முத்திரையாலும் நூலாலும் அரக்காலும் காக்கப்படுகிறது. முகவர்கள் கையொப்பமிடுகின்றனர். எண்ணும் நாளில் முத்திரை சிதையாதிருப்பதை அவர்களே பார்த்து உறுதி செய்கின்றனர். மின்னணுச் சில்லின் மீதான நம்பிக்கை அரக்கின் வழியாகவே உறுதிப்படுத்தப்படுகிறது.

இம்முறைக்குத் தமிழ் மரபில் தொன்மையான இணை உண்டு. மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 77ஆம் பாடலில், பாலை வழியில் இறந்துபட்டோரின் குடரை எருவைப் பறவை இழுத்தெடுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் அலுவலரின் செயல் உவமையாக வருகிறது. உவமைக்கு எடுத்தாளும் அளவுக்கு அச்செயல் மக்கள் அறிந்ததாக இருந்திருக்க வேண்டும். முதற் பராந்தகச் சோழனின் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இம்முறையை விரிவாகத் தருகின்றன. குடத்தை அவையோர் அனைவரும் காணுமாறு தூக்கிப் பிடிப்பதும், ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பிப்பதும், அவ்வோலையை ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசிப்பதும் அங்கு விதிகளாக வகுக்கப்பட்டுள்ளன.

குடவோலை இன்றைய பொருளில் வாக்கெடுப்பு அன்று. தகுதியுடையோர் பெயர்களிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யும் முறையாகும். அத்தகுதியும் நிலவுடைமையும் கல்வியும் பெற்ற சிலருக்கே உரியதாயிருந்தது. ஆகவே அதனை வயதுவந்தோர் வாக்குரிமையின் தொடக்கமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் ஒரு கூறில் அது இன்றைய இயந்திரத்துக்குப் பாடமாகிறது. விரிந்த விரல்கள் அங்கு வெற்றுச் சடங்கல்ல. கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கவில்லை என்பதற்கு அவையே சான்று. நம்பிக்கையைக் கண்ணால் காணத்தக்க செயலாக மாற்றியதே அவ்விதியின் சிறப்பு. வாக்குப்பதிவு இயந்திரத்தின் விளக்கும் ஒலியும் இதே பணியைச் செய்ய முயல்கின்றன. ஆனால் குடத்துக்குள் பார்க்க இயலும். சில்லுக்குள் பார்க்க இயலாது.

சுஜாதாவின் இரு படைப்புகள்

இவ்விடர்ப்பாட்டைத் தொழிற்கூடத்தின் உள்ளிருந்தே அறிந்திருக்கக்கூடியவர் சுஜாதா என்னும் பெயரில் எழுதிய எஸ்.ரங்கராஜன் (1935-2008). திருச்சியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்ற அவர், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர். 'ஏன்? எதற்கு? எப்படி?' போன்ற வினா விடைகளால் அறிவியலைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' நாவல் 2021, 2022ஆம் ஆண்டுகளின் இந்தியாவைக் களமாகக் கொண்டது.

அந்நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். முதன்மை மாந்தரின் பெயர்கள் நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் இரண்டே எழுத்துகளால் ஆனது. நினைவகம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்துக் கணிப்பொறியின் சிக்கனம் மனிதரின் பெயர் வரை நீள்வதாக இதனை வாசிக்கலாம். தமிழ்ப் பெயரின் நீளத்தையே அரசும் இயந்திரமும் குறைத்துவிட்ட உலகம் அது. இதுவே அந்நாவலின் பழைய எதிர்கால அழகியல். இன்றைய கணிப்பொறிக்கு இத்தகைய சிக்கனம் தேவையில்லை. எனவே அப்பெயர்கள் 2021ஐவிட 1980களையே மிகுதியாகக் காட்டுகின்றன.

மறுபுறம், இயந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கிறது, சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது. ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல்தான். இத்தகைய முன்னறிதல்களைக் கொண்டே இந்நாவல் பெரிதும் பாராட்டப்பட்டு வந்துள்ளது. எனினும் அதன் மையம் வேறிடத்தில் உள்ளது. மக்கள் அஞ்சி வணங்கும் ஜீவா உண்மையான மனிதனே அல்லன். ஹோலோகிராம் என்னும் ஒளிப்பிம்பம். இவ்வுண்மையை அறிந்தவர்கள் பிம்பத்தைக் கலைத்து மக்களை விடுவிக்கவில்லை. அதிகாரத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்கின்றனர். தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாக அமர்த்தப்படுகிறாள். ஆட்சியோ பின்னிருப்போரிடம் உள்ளது.

இந்நாவலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவகமாகக் கொள்வது மிகையாகும். ஆனால் ஒரே பொறியாளரின் வாழ்வில் இவ்விரு படைப்புகளும் அடுத்தடுத்து நின்றன என்பது பொருளற்றதன்று. தொழிற்கூடத்தில் அவர் பங்குகொண்ட இயந்திரம், 'காண்பதை நம்பலாம்' என்னும் உறுதியை மக்களுக்கு அளிக்க முயன்றது. புனைவில் அவர் படைத்த இயந்திர அரசு, 'காண்பது பொய்யாகவும் இருக்கலாம்' என எச்சரித்தது. மின்னணுக் காட்சியின் ஆற்றலை நன்கறிந்தவரிடமிருந்தே அவ்வெச்சரிக்கை வந்தது.

தோற்றமும் சான்றும்

பிற்கால நிகழ்வுகள் இவ்வெச்சரிக்கையின் பக்கமே சென்றன. 2009 மார்ச் 3 அன்று செருமானிய அரசியலமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் அந்நாட்டில் பயன்படுத்தப்பட்ட வாக்குப்பதிவுக் கணிப்பொறிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. தேர்தலின் இன்றியமையாப் படிநிலைகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்பது அதன் அடிப்படை. உத்திரமேரூரின் விரிந்த விரல்களும் இதே கொள்கையைத்தான் கூறின.

2010இல் இந்திய, அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்திய இயந்திரம் ஒன்றை ஆராய்ந்து, எண் காட்டும் பலகையை அதேபோல் தோன்றும் வேறொன்றால் மாற்றிப் பொய்யான முடிவைக் காட்ட இயலும் எனச் செய்து காட்டினர். தோற்றத்தில் வேறுபாடு தெரியாது என்பதே அத்தாக்குதலின் வலிமை. முத்திரைகளும் காவலும் அதற்கு இடந்தராது எனக் கூறித் தேர்தல் ஆணையம் அம்முடிவை ஏற்கவில்லை. தேர்தல் முடிவு இவ்வாறு மாற்றப்பட்டதாக அவ்வாய்வு மெய்ப்பிக்கவுமில்லை. ஆயினும் ஒளிரும் எண்ணுக்கு அப்பால் ஒரு சான்று வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது.

2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் வாக்கு ஒப்புகைச் சீட்டுக் கருவி முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று அக்கருவியைப் படிப்படியாக அறிமுகப்படுத்துமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் அது எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. தாம் அளித்த வாக்கு அச்சான சீட்டை வாக்காளர் கண்ணாடி வழியே ஏழு நொடிகள் காண்கிறார். பின்னர் அது முத்திரையிட்ட பெட்டிக்குள் விழுகிறது. 1982இல் பறவூரில் நீக்கப்பட்ட தாள், வேறு வடிவில் இயந்திரத்தின் அருகே வந்து அமர்ந்துவிட்டது. முழுமையாகத் தாள் வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. இயந்திரமும் தாளும் இணைந்த நிலையே நீடிக்கிறது.

முடிவுரை

நாவல் குறித்த ஆண்டு வந்து சென்றுவிட்டது. 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. கற்பனையில் ஒளிப்பிம்பம் ஆண்ட அவ்வாண்டில், பறவூர் உள்ளிட்ட தொகுதிகளின் மக்கள் வரிசையில் நின்று, 1980களின் சாயல் மாறாத பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கையும் கண்ணாடிக்குப் பின் நின்ற தாளையும் கண்டு வெளியேறினர்.

பழைய எதிர்காலத்தின் அழகியலை வெறும் ஏக்கமாகக் காண்பது போதாது என்பது இதனால் புலனாகிறது. எளிய தோற்றம் நம்பிக்கையை வரவேற்கிறது. எழுத்தறியாதவருக்கும் உரிமையைக் கைக்கு எட்டச் செய்கிறது. அவ்வகையில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவம் இந்தியத் தொழில்வடிவமைப்பின் பெருஞ்சாதனை எனலாம். ஆனால் தோற்றம் சான்றாகிவிடாது. ஆவண மாக்கள் ஆராய்ந்த இலச்சினை, மத்தியஸ்தரின் விரிந்த உள்ளங்கை, கண்ணாடிக்குப் பின் ஏழு நொடிகள் நிற்கும் சீட்டு ஆகியன ஒரே தேவையின் மூன்று காலத்து வடிவங்கள். தெரிவு செய்வோர் தம் கண்ணால் சரிபார்க்க இயல வேண்டும் என்பதே அத்தேவை. சுஜாதா உருவாக்கத் துணைநின்ற இயந்திரத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல், அவர் எழுதிய நாவலுக்குள்ளேயே கிடைக்கிறது.